ஆர்கன் காத்திருக்காத ஞாயிறு

பிப்ரவரி 23, 1986. ஞாயிறு

பனி பாதி உருகிக் கறுத்துக் கிடக்கிறது. ஷூவுக்குள் ஈரம். மாற்றுச் சாக்ஸ் எடுத்துப்போக மறந்தாயிற்று.

இரண்டு மணிக்கு நம் தமிழ் ஆராதனை. ஐந்துக்கு அமெரிக்கர்களுடைய மாலை ஆராதனை. சர்ச் அவர்களுடையது. கல், வண்ணக் கண்ணாடி, க்வயர் பாடகர்களின் வெள்ளை அங்கி, எல்லாம் இங்கிலாந்தைப் பார்த்துச் செய்தது. நமக்கு மத்தியானம் மட்டும். நம்மவர்களுக்கு வாசிப்பது நான். அதற்காக வாரநாட்களில் பைப் ஆர்கனில் பழக விடுகிறார்கள்.

ஆர்கனுக்குக் காற்றூதும் மோட்டார் அடித்தளத்தில், சமையலறைக்கு அடுத்த அறை. மேலே ஜெபம் நடக்கும்போதே கீழே வெங்காயம் வதக்குகிறார்கள். மோட்டார் அந்த வாடையை இழுத்துப் பைப் பைப்பாக ஊதுகிறது. ஐந்து மணிக்கு அவர்கள் சங்கீதம் பாடும்போதும் அதே வாடை. குமட்டல்.

ஹெச். கூப்பிட்டார். அவர்களுடைய க்வயர் மாஸ்டர். உதவி ஆர்கனிஸ்ட் போகிறாராம். அந்த இடத்துக்கு உன்னைப் பார்க்கலாம், இன்று மாலை கடைசிப் பாட்டை வாசி என்றார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

வாசித்தேன். முதல் வரி முடிவில் கால் பெடலை விடாமல் நின்றது. ஜனம் வந்து சேரட்டும் என்று. ஜனம் ஏற்கனவே அடுத்த வரியில். பாட்டு முழுக்க அவர்கள் பின்னால் ஓடினேன்.

ஹெச். சிரித்துக்கொண்டே: "உங்கள் ஆட்கள் மெதுவாகப் பாடுவார்கள், இல்லையா? அழகான வழக்கம்."

அழகான.

அடுத்த ஞாயிறு இன்னொரு முறை வாசித்துக் காட்டலாமாம். அதுதான் கடைசி.

பிப். 24, திங்கள்

லேபில் வேலை ஓடவில்லை.

நம்மவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் கடைசி எழுத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். பின் பெஞ்சு முடிக்கும்வரை முன் பெஞ்சு விடாது. ஆர்கன் காத்திருக்கும். ஊரிலும் அப்படி, இங்கும் அப்படி. ஒரே மெட்டுதான். அவர்கள் பாடினால் நடக்கிறது. நாம் பாடினால் பிசைந்த மாவு மாதிரி இழுபடுகிறது. சின்ன வயதிலிருந்தே காலில் ஊறிப்போனது. காலைப் பார்க்கவே அருவருப்பு.

ஹெச். ஒஹையோக்காரர். பாட்டு என்று வந்தால் மட்டும் இங்கிலாந்து உச்சரிப்பு. வாயை முட்டை போல வைத்துக்கொள்வார். அதுவும் அருவருப்பு. நேற்று அவரிடம் பேசும்போது என் வாயும் அப்படிப் போயிற்று.

வாங்க: பால், சோப்பு, சாக்ஸ்.

பிப். 27, வியாழன்

ராணி ஆன்ட்டி போன். பிளெய்ன்ஸ்பரோவில் என் அபார்ட்மெண்டுக்கு நாலு கட்டடம் தள்ளி இருப்பவர்.

"ஞாயித்துக்கிழமையோட எங்க அங்கிள் இறந்துபோய் ஒரு வருஷம்மா. அவருக்குப் புடிச்ச பாட்டை வைக்கிறியா? கொஞ்சம் நிறுத்தி வாசி. இழுத்துத்தான் பாடுவாரு, உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். பெரிய குரல், சுதி கிடையாது. சரி என்றேன்.

போனை வைத்த பிறகு தோன்றியது. தனியாக வாசித்தால் கால் ஒழுங்காக இருக்கிறது. மனிதர்கள் பாடினால்தான் நிற்கிறது. ஐந்து மணிக்கு முன்னால் மனிதர்களை வைத்துப் பழக மத்தியான ஆராதனையை விட்டால் வேறு இடம் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

மழை. புதுச் சாக்ஸ்.

அங்கிளின் பாட்டு. காத்திருக்கவில்லை.

முதல் சரணத்தில் துரத்திக்கொண்டு வந்தார்கள். இரண்டாவதில் சாமுவேல் அங்கிள் பெஞ்சைத் தட்டி என்னை நிறுத்தப் பார்த்தார். பார்சிப்பனியிலிருந்து வேனில் ஆட்களை ஏற்றிவருபவர். சபையில் எல்லாம் அவர்தான். மூன்றாவதில் குரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஆர்கனுக்கு மேல், பின்னாலுள்ள ஜனத்தைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ராணி ஆன்ட்டியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஒரு வரி பின்னால். கடைசிச் சரணத்தில் அதுவும் இல்லை.

தனியாக வாசித்து முடித்தேன். கால் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

கீழே சாப்பாடு. சாமுவேல் அங்கிள்: "என்னம்மா, ட்ரெயின் புடிக்கணுமா? சொல்லியிருந்தா பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல நானே ட்ராப் பண்ணியிருப்பேன்ல!"

சிரிப்பு. ராணி ஆன்ட்டி சிரிக்கவில்லை. என் தட்டில் எலுமிச்சம் சாதம் வைத்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

இல்லை ஆன்ட்டி, நன்றாக இருக்கிறேன். மெல்லாமல் விழுங்கினேன்.

ஐந்து மணி. ஒரு பிசகு இல்லை. வரி முடிந்ததும் அடுத்த வரி, கத்தரித்தது போல. ஹெச். கை கொடுத்தார். மெத்தென்ற ஈரக் கை. ஈஸ்டரிலிருந்து இடம் எனக்கு. "மத்தியானக் கூட்டத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பழக்கம் கெட்டுவிடும்."

தலையாட்டினேன். உடனே ஆட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

வெயில். லேபிலிருந்து ராணி ஆன்ட்டிக்கு போன். இனி மத்தியானம் வாசிக்க வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். பாட்டைப் பற்றியும் ஏதாவது. வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்கம்மா. அந்தப் பாட்டைத் திரும்பப் பாடினோம், ஆர்கன் இல்லாமலே. சாமுவேல் அங்கிள் ஒரு வரியைப் புடிச்சா விடவே மாட்டேங்கிறாரு! மேல்வீட்டுக்காரன் தரையை இடிச்சான்னா பாத்துக்கோ. நல்லா இருந்துச்சு."

குரலில் கோபம் இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன்.

இல்லை.