மதகு யார் பக்கம்

நவம்பர் 3, திங்கள்
கடும் வெயில். பள்ளி வரலாற்றுப் பயிற்சி பாதிதான் எழுதினேன். அப்பாவின் கால்கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம். தோட்டத்தில் செம்பனைக் குலை விழுந்த கால்.

அம்மா எடுபிடி வேலை செய்யும் மாநிலப் பொதுப்பணி அலுவலகக் கிளையை இன்று இரண்டாகப் பிரித்தார்களாம். கட்டடம், பூங்கா ஒரு பக்கம். ஆறு, வாய்க்கால் மறுபக்கம். ஆட்களைப் பதவிப் பெயர்ப்படி. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆற்று மதகைப் பார்த்துக்கொள்ளும் செல்லையா மாமாவின் பதவி 'தோட்டக்காரர்'. மதகுக்கு என்று பதவியே கிடையாதாம். ஆகவே பூங்காப் பக்கம். இனி பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பூங்காவில் புல் வெட்டுவார்.

"அப்ப மதகு?"

"ஆத்துப் பக்கம். அங்கதான் ஆளே இல்ல லா," என்றார் அம்மா.

நவம்பர் 4, செவ்வாய்
செ. மாமா விடைபெற வந்தார். கடல் ஏறும்போது மதகை இறக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு லயத்துக்குள். வடியும்போது தூக்க வேண்டும், இல்லையென்றால் மழைநீர் வெளியேறாது. திருகும் இரும்புக் கைப்பிடியை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்குப் பௌர்ணமிம்மா, கடல் ரொம்ப ஏறும். ஆபீச பிரிச்சது கடலுக்குத் தெரியாது."

அப்பா: "தண்ணி வந்தா என்னைய கட்டிலோட மிதக்க விடுங்க. பஸ் காசு மிச்சம்."

நவம்பர் 5, புதன்
பள்ளி விட்டு வந்தால் வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. பழுப்பு நீர். வாசற்படி நனைந்துவிட்டது. அம்மாவை அழைத்தேன்.

அம்மா இரண்டு அதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறார். ஆற்றுப் பக்கம்: "கைப்பிடி அவர் அலமாரியில் இருக்கிறது, அவர்தான் தர வேண்டும்." பூங்காப் பக்கம்: "மதகு என்னுடையது இல்லை, நான் எப்படித் தருவது?" இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவுதான்.

அம்மா தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த கைப்பிடியைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்துவிட்டார். சேர்ந்து திருகினோம். மதகு இறங்கியது. நீர் நின்றது.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்கட்டும்."

நவம்பர் 6, வியாழன்
மேகமூட்டம். எனக்கு வயிற்றுவலி (பொய்). அம்மாவும் விடுப்பு. விடிகாலை ஏற்றத்தையும் மதகு தாங்கியது. நண்பகலில் கடல் வடிந்தது. தூக்கப் போனோம். அதற்குள் அதிகாரிகள் இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். படம் எடுத்தார்கள். விசாரணை முடியும்வரை அம்மாவுக்கு வேலை இல்லை.

"ஒரு தடவ தூக்கிட்டுத் தந்துடறேன், ஐயா." மலாயில் கெஞ்சினார்.

"தொடாதே."

கைப்பிடியை விசாரணைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மதகு இறங்கியபடியே.

நவம்பர் 7, வெள்ளி
விடியலிலிருந்து மழை. ஈஜோக் ஊர்ப் பக்கம் இன்னும் மோசமாம். ஆறு வடிந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் வாய்க்கால் விளிம்புவரை. செ. மாமா ஸ்பானரோடு ஓடிவந்தார். அசையவில்லை. "அந்தக் கைப்பிடி இல்லாம இது நகராதும்மா."

அம்மா மாறி மாறி அழைக்கிறார். ஒரு பக்கம் யாரும் எடுக்கவில்லை. மறுபக்கம்: "விசாரணையில் இருப்பவரோடு நாங்கள் பேச முடியாது."

அடுக்களைக்குள் தண்ணீர். அப்பாவைத் தூக்க நான்கு பேராவது வேண்டும். ஆள் கூப்பிடப் போகிறேன்.