அடுத்த மொழி உன் முறை

ஜூன் 14

அன்புள்ள வாலு,

இங்கே எல்லாரும் நலம், உங்கள் மாடி வீட்டைத் தவிர. நீங்கள் வெளிநாடு போனதிலிருந்து அது பூட்டியே கிடக்கிறது. குளியலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கள் சமையலறையில் நின்றால் நன்றாகக் கேட்கும். "உன் பிரெண்டு போயும் அவ குழாய் வாயை மூடலை பாரு" என்கிறாள் அம்மா. நீ என்றைக்குக் குழாயை ஒழுங்காக மூடினாய்?

போனில் பேசலாமே என்று நீ போகும்போது சொன்னாய். அம்மாவின் போனில் பேசினால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். உங்கள் வீட்டிலும் அதே கதைதான். நமக்குக் கடிதம்தான் சரி.

இப்போது முக்கியமான விஷயம். புது வகுப்பு தொடங்கிவிட்டது, ஆண்டுக்கு ஒன்றாக நாம் சேர்ந்து படிக்கும் வெளிமொழியை இந்த ஆண்டு இன்னும் எடுக்கவில்லை. முதல் ஆண்டு நீ ஸ்பானிஷ் எடுத்தாய்; ஒரு பந்தாட்டக்காரன் சிரிப்பது அழகாக இருக்கிறதாம். போன ஆண்டு நான் ஜப்பானியம் எடுத்தேன். "இது எழுத்தா, ஜன்னல் கம்பியாடி?" என்று கேட்டுவிட்டு என்னைவிட அழகாக எழுதியவள் நீ. இந்த ஆண்டு உன் முறை. நம் சட்டம் நினைவிருக்கிறதா? ஒருத்தி தேர்ந்தெடுப்பாள், மற்றவள் முகம் சுளிக்காமல் படிப்பாள். ஒருத்தி முடிக்காமல் இன்னொருத்தி அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

நூலகத்தில் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். ரஷ்ய மொழி இருக்கிறது, ஆனால் யாரோ எல்லாப் பயிற்சிகளுக்கும் பேனாவால் விடை எழுதி வைத்திருக்கிறார்கள், அத்தனையும் தப்பு என்கிறார் நூலகர். கொரியன் புத்தகத்தை எப்போதும் யாராவது எடுத்துப் போயிருக்கிறார்கள். ஸ்வாஹிலி கைக்கு அடக்கமாக அழகாக இருக்கிறது. "எதுவானாலும் சரி" என்று மட்டும் எழுதாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். முறை என்றால் முறை.

உன்,
அகராதி

ஜூலை 9

அடியே அகராதி,

குழாய்க் கதையைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று தம்பி கேட்டான், இந்த ஊர் மொழியில். அவனுக்கு ஏழு வயது. எல்லாம் அவன் மேல் தானாக ஒட்டிக்கொள்கிறது. என் மேல் ஒன்றும் ஒட்டவில்லை.

அப்பா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளும் இந்த ஊர் மொழிதான். "அப்பதான் இவளுக்குப் பழகும். நீ பாவம் பாக்காத" என்று அம்மாவிடம் சொன்னார், அதைத் தமிழில்தான் சொன்னார்! அம்மாவுக்கும் வராது. அதனால் சாப்பாட்டு மேசையில் உப்பு, தண்ணீர், போதும் என்பதைத் தாண்டிப் பேச்சே கிடையாது. நேற்று அம்மா என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். சொல் கிடைக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

வகுப்பில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் பின்வரிசையில் ஒருவன் அதை அப்படியே என் குரலில் சொல்லிக் காட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அது வேடிக்கை. நான் இப்போதெல்லாம் கையே தூக்குவதில்லை. உன் வாலு, வாயை மூடு என்று ஊரெல்லாம் திட்டு வாங்கியவள், ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

மொழியைப் பற்றிப் பிறகு யோசித்துச் சொல்கிறேனே. நீ நீளமாக எழுது. யார் யாரோடு சண்டை, யார் யாரிடம் மாட்டிக்கொண்டார்கள், எல்லாம் வேண்டும். உன் அம்மா இன்று உன்னை என்ன திட்டினாள் என்பதைக்கூட எழுது.

வாலு

ஜூலை 30

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தப் பின்வரிசைக்காரன் கையில் கிடைத்தால் நம் கணக்கு டீச்சரிடம் ஒரு வாரம் விட்டுவைக்கலாம். டீச்சர் இப்போது கண்ணாடி மாற்றிவிட்டார். பழைய கண்ணாடியில் முதல் வரிசை மட்டும்தான் தெரியும். புதியதில் நாங்கள் டிபன் பாக்ஸ் திறப்பதெல்லாம் தெரிகிறது. கடைசி வரிசையே துக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இன்னும் பக்கத்தில் யாரும் இல்லை. உன் இடத்தில் என் பையை வைத்துவிடுகிறேன். "பைக்கு வருகைப் பதிவு போடவா?" என்று டீச்சர் கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

நீ இன்னும் மொழியைச் சொல்லவில்லை. பரவாயில்லை, சொல்லாமலேயே எனக்குப் புரிந்துவிட்டது! இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அடுத்த கடிதம் வரும் வரை பொறுத்திரு. பிரித்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போடும் பார்.

உன்,
அகராதி

செப்டம்பர் 21

அகராதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழுக்க இந்த ஊர் மொழியில் இரண்டு பக்கம். என் கண்ணுக்கு ஒரு பிழை தெரியவில்லை.

அம்மா கவரைக் கொடுத்தபோது நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தேன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே கட்டிலில் விழுந்து பிரித்தேன். கவருக்குள் இருந்தது உன் கையெழுத்து, ஆனால் அவர்களுடைய மொழி. எனக்கு இன்னும் பள்ளி விடவில்லை போல இருந்தது.

நீ எனக்காகத்தான் படித்தாய் என்று தெரியும். இங்கே தமிழ் எங்கே இருக்கிறது என்று மட்டும் உனக்குத் தெரியவில்லை. உன் கவரில்தான்டி இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாரு, அங்க உக்காந்துகிட்டே எப்படி எழுதியிருக்கா! நீ இங்கயே இருந்துகிட்டு வாயத் திறக்க மாட்டேங்கிற" என்றார். தம்பியை உரக்கப் படிக்கச் சொன்னார். அவன் ராகம் போட்டுப் படித்தான். நான் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

ஒருத்தி முடிக்காமல் இன்னொருத்தி போகக் கூடாது என்றாய். நான் முதல் பாடத்திலேயே தடுக்கி விழுந்து கிடக்கிறேன். நீ எங்கேயோ போய்விட்டாய்.

வாலு

அக்டோபர் 5

என் அன்பு வாலுவுக்கு,

நான் அகராதியும் இல்லை, ஒன்றும் இல்லை. வடிகட்டிய முட்டாள். உன் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். மணி அடித்தும் வெளியே வரவில்லை.

எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: நீ தனியாகச் சுமக்கிறாய், நான் ஒரு பக்கம் தூக்கலாம். அம்மா தூங்கிய பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போது நீ பக்கத்தில் இருப்பது போல இருந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று யோசிக்காமல், எனக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் யோசித்துவிட்டேன்.

இனி தமிழ்தான். நீ கேட்டதை இப்போது தருகிறேன். இந்த வாரம் அம்மா என்னைத் திட்டியவை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்:

"காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"
"புத்தகத்த விழுங்கிடு, சோறு மிச்சம்."
"வளந்தா மட்டும் போதுமா, தென்னமரமும்தான் வளருது."
"உன்ன அனுப்புனா நீயும் வர மாட்ட, சர்க்கரையும் வராது."
"அவ போனதுல இருந்து உன் மூஞ்சில களையே இல்லடி."

கடைசியாகச் சொன்னது திட்டா என்று தெரியவில்லை. திட்டும்போது சொன்னதால் சேர்த்துவிட்டேன்.

மொழியெல்லாம் மெதுவாக எடு. நான் காத்திருக்கிறேன்.

உன்,
அகராதி

டிசம்பர் 12

அன்புள்ள வாலு,

என் கடிதம் வழியில் எங்காவது தங்கிவிட்டதோ என்னவோ. தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தாமலேயே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

மாடிக்குப் புதிதாக ஒரு கணவன் மனைவி வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், சத்தமே கிடையாது. வந்த அன்றே குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். "அப்பாடா" என்றாள் அம்மா. நான்தான் அன்று சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊர் மொழிப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு எதுவும் எடுக்கவில்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதேன். ஒரு வரி போதும்.

உன்,
அகராதி

பிப்ரவரி 4

அன்புள்ள அகராதி,

கோபம் இல்லை. முதலில் இருந்தது, பிறகு போய்விட்டது. போன பிறகு எழுத வெட்கமாக இருந்தது. அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போதும் பார், சொற்கள் நிதானமாகத்தான் வருகின்றன. எழுதிவிட்டு இது சரியா என்று நானே ஒரு முறை பார்க்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். அந்தப் பின்வரிசைக்காரன் ஒரு நாள் பாடம் ஒப்பித்தபோது, நான் எழுந்து அவன் குரலில் அப்படியே சொல்லிக் காட்டினேன். வகுப்பே மேசையைத் தட்டியது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. அப்பா சட்டத்தை எடுத்துவிட்டார். ஆனால் இப்போது வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறோம் என்று யாரும் கவனிப்பதில்லை. உன் அம்மாவின் திட்டுகளை என் அம்மா பிடுங்கிப் படித்தாள். சர்க்கரைத் திட்டு வந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளை அவளே வைத்துக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பள்ளியில் எல்லாரும் ஒரு வெளிமொழி எடுக்க வேண்டும். யாருக்கு எது என்று டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் உட்காருகிறவள், "எனக்கும் இவளுக்கும் இத்தாலியன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பேருந்தில் வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது: அது என் முறை. நீ அங்கே காத்துக்கொண்டிருக்கிறாய்.

வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட உன்னிடம் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு இத்தாலியன் பிடிக்குமா?

வாலு

மார்ச் 3

அன்புள்ள வாலு,

அவனை அவன் குரலிலேயே மடக்கியதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். அதுதான் நீ. உன் வாயைத் திரும்பக் கண்டுபிடித்துவிட்டாய், அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? இதை மனசாரத்தான் எழுதுகிறேன். உன் பக்கத்தில் உட்காருகிறவள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை, அதையும் மனசாரத்தான் எழுதுகிறேன். அவளைப் பற்றி அதிகம் எழுதாமல் விட்டாயே, அதற்கு நன்றி.

இத்தாலியன் எனக்குப் பிடிக்கும். ஆனால் எடுக்க மாட்டேன். நான் எடுத்தால் மறுபடியும் உன் பின்னாலேயே ஓடி வருவேன். அல்லது முன்னாலே ஓடிவிடுவேன். எனக்குப் பக்கத்தில் நடக்கத்தான் தெரியும், இங்கிருந்து அது முடியாது.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றேன். யார் முறை என்று யோசிக்காமல் ஒரு புத்தகத்தை எடுப்பது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா! கடைசியில் ஃபின்னிஷ் எடுத்தேன். அந்த மொழி பேசுகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் அதில் ஒரே சொல்தான். ஏன் எடுத்தேன் என்றால், பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். இதற்கு முன் எனக்கென்று மட்டும் நான் ஒரு மொழி எடுத்ததில்லை.

முதல் பாடத்தில் இரண்டு தோழிகள் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துப் பேசுகிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒருத்தியின் வரிகளைப் படிக்க வேண்டும். நான் முதல் தோழிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன், அடுத்தவளுக்கு எழுந்து நாற்காலிக்கு மாறினேன். இப்படியே மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"யாருடி வந்திருக்கா?"

"யாரும் இல்லம்மா" என்றேன். நான் கட்டிலில் இருந்தேன். "நீ எங்கே போகிறாய்?" என்ற முதல் தோழியின் வரியை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தேன். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, பதில் சொன்னேன்.

உன்,
அகராதி