கன்னி மூலை

டுரியான் துங்கால்
10-3-1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்குத் தம்பி தங்கையா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் குஞ்சம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகள் ராஜம்மாவின் கல்யாணத்தை வைகாசியில் இந்த வீட்டிலேயே நடத்தப் போவதாக எழுதியிருந்தீர்கள். மிகவும் சந்தோஷம். வீடு நீங்கள் கட்டியது. பத்திரமும் உங்கள் பெயரில். பென்ஷன் வாங்கிய பிறகு நானும் என் சம்சாரமும் உங்கள் தயவில் இருக்கிறோம். ஆகையால் மேற்கொண்டு எழுதத் தயக்கமாக இருக்கிறது.

கூடத்தின் தென்மேற்கு மூலையில் சுவர் வெடித்திருக்கிறது. பூச்சு வெடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசைகளின் வழியே படிப்படியாக ஏறுகிறது. கீழே மெல்லியதாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கிறது. உள்ளே பார்த்தால் தூசி இல்லை, சிலந்தி வலை இல்லை. அப்படியானால் அது புதியது. சோற்றுப் பசையில் காகிதத் துண்டுகளைக் குறுக்கே ஒட்டி வைத்தேன். மழை பெய்த வாரத்தில் எல்லாம் கிழிந்துவிட்டன. மேல்மாடியில் குஞ்சம்மா கை தவறி விட்ட எலுமிச்சம்பழம் நேராக அந்த மூலைக்கு உருண்டு போய் நின்றது.

மராமத்து ஆபீஸில் எஞ்சினியர் துரைமார் எழுதிய ரிப்போர்ட்டுகளை நகல் எடுத்தவன்தான் நான். ஒரு செங்கல்கூட வைத்தவனில்லை. தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் அஸ்திவாரம் இறங்குகிறது என்று தோன்றுகிறது. சோதித்துப் பார்க்கும்வரை மாடியில் கூட்டம் ஏற்ற வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அடக்கமுள்ள தம்பி,
தங்கையா

---

நியாலாஸ்
17-3-1935

தம்பி தங்கையாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறவன் நீ. தலை நரைத்தும் மாறவில்லை. வீடு என்றால் வெடிக்கத்தான் செய்யும். என் குதிகாலும்தான் வெடித்திருக்கிறது. வெட்டியா எறிந்தேன்?

சம்பந்தி காளிதாஸ் தெங்கேராவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நான் ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி என்றாலும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நான் கூலி லயத்துக்காரன்தான். அவர்களை என் கல்வீட்டு மாடியில் உட்காரவைத்து இலை போட வேண்டும். அதற்காகத்தான் கல்யாணம் அங்கே.

யாரோ கண் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பூசாரி வீராசாமியை அனுப்புகிறேன். அந்த மூலையில் செப்புத் தகடு புதைப்பான். அதற்குப் பிறகு பூசி வெள்ளை அடித்துவிடு. உன் காகிதத் துண்டுகளைப் பற்றி யாரிடமும் பேசாதே.

பெரியதம்பி

---

டுரியான் துங்கால்
2-4-1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சொன்னபடி பூசாரி வந்தார். நானும் தடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூலையில் ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தார். "ஒரு சாண் தோண்டினாப் போதுங்கய்யா, தகடு உக்காந்துக்கும்" என்று கடப்பாரையைப் போட்டார். இரண்டாவது குத்தில் கடப்பாரை அவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"ஐயா, பிடிங்க. உள்ளேர்ந்து யாரோ இழுக்கிறாங்க."

"யாரும் இழுக்கல" என்றாள் குஞ்சம்மா. "கீழ மண்ணு இல்ல, அதான் போவுது. கைய விடு பூசாரி, இல்லாட்டி நீயும் போயிடுவே."

அவர் கையை விட்டார். மடியில் வைத்திருந்த தகடும் கடப்பாரைக்குப் பின்னால் சறுக்கிப் போனது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. குழியிலிருந்து புளித்த வாடை வந்தது. வீராசாமி சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

பிறகு நான் கம்பியில் கொக்கி கட்டித் துழாவினேன். மரத்துண்டு ஒன்று வந்தது. கையில் எடுத்ததும் நனைந்த ரொட்டி போல உதிர்ந்தது. ரப்பர் மரத்து அடிக்கட்டை என்று நினைக்கிறேன். வீட்டு அஸ்திவாரத்தின் கீழே ரப்பர் கட்டை எப்படி வந்தது? வீடு கட்டும்போது நான் மூவாரில் வேலையாக இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே முன்பு என்ன இருந்தது, அண்ணா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் பூச முடியாது. கோபிக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
தங்கையா

---

நியாலாஸ்
9-4-1935

தம்பி தங்கையாவுக்கு.

கிணறு இருந்தது. போதுமா?

கன்னி மூலையில் கிணறு இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னார். மூடிவிட்டேன். மண் அடித்து நிரப்பினால் வேலை முடிய மாதக் கணக்காகும், நல்ல நாள் போய்விடும். தோட்டத்தில் வெட்டிப் போட்ட ரப்பர் பால்மரக் கட்டையும் தென்னைத் துண்டும் கிடந்தன. அதைப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, ஆட்களை விட்டு மிதிக்கச் சொன்னேன். குறித்த நாளில் வாசற்கால் வைத்தாகிவிட்டது. இத்தனை வருஷம் நின்ற வீடு வைகாசி வரைக்கும் நிற்காதா?

ஒரு லோரி மணல் அனுப்புகிறேன். ஓட்டையில் கொட்டு. கல்லைப் போட்டு மூடு. சம்பந்தி காதுக்கு இது போனால் உன்னால்தான் போயிருக்கும். எனக்குப் பாடம் எடுக்க உனக்கு வயதுமில்லை, வீடுமில்லை. சொன்னபடி செய்ய முடியாதென்றால் கல்யாணம் ஆனதும் பெட்டியைக் கட்டு.

பெரியதம்பி

---

டுரியான் துங்கால்
28-4-1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

மணல் வந்தது. முற்றத்தில் குவித்து வைத்திருக்கிறேன். ஓட்டையில் கொட்டவில்லை. இற்றுப்போன கட்டைகளின் மேல் மணலைக் கொட்டினால் அதுவும் இறங்கும், பின்னாலேயே சுவரும் இறங்கும். அந்தச் சுவரில்தான் மாடியின் உத்தரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சம்பந்தி வீட்டுப் பெண்கள் இலை முன் உட்காரும் நேரத்தில் அது நடக்காது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? நான் கொடுக்க மாட்டேன்.

ஆகையால் நேற்று கொத்தனார் மாயாண்டியை அழைத்து உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன். மேற்குப் பக்கத்துத் தரையைப் பெயர்த்தாகிவிட்டது. மாடிப்படியின் கீழ்ப் படிகளையும் கழற்றச் சொல்லிவிட்டேன். யாரும் மேலே போக முடியாது. நானும் போக முடியாது.

"பெரியவரு வந்து கேட்டா என்னங்கய்யா சொல்றது?" என்றார் மாயாண்டி.

"நான் சொன்னேன்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

கட்டைகளை எடுத்துவிட்டு, கிணற்றைக் கெட்டி மண் வரும்வரை துப்புரவாக்கி, கல்லும் சுண்ணாம்புமாக நிரப்ப வேண்டும். பிறகு சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக் கல் தூண் எழுப்ப வேண்டும். முழு நீளத்தையும் ஒரே சமயம் தோண்டினால் சுவர் விழுந்துவிடும். ஓரிடத்தில் கட்டி, அது இறுகிய பிறகு, தள்ளி இன்னோரிடத்தில். கூரைத் தண்ணீர் அந்த மூலையில் கொட்டாதபடி தகரக் குழாயையும் திருப்ப வேண்டும். வைகாசிக்குள் முடியாது. அவசரப்படுத்தவும் மாட்டேன். ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டாகிவிட்டது.

வாசலில் பந்தல் போடுகிறேன். ராஜம்மா அங்கே மாலை மாற்றட்டும்.

தங்கையா

---

நியாலாஸ்
7-6-1935

தங்கையாவுக்கு.

கல்யாணம் முடிந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். ஆனி முடிவதற்குள் வீட்டைக் காலி செய். சாவியை மாயாண்டியிடம் கொடு.

பெரியதம்பி

---

டுரியான் துங்கால்
15-6-1935

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குஞ்சம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பெட்டிய எடுக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கல்யாணத்தன்று நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதவுக்குப் பின்னால் தாம்பூலத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது காளிதாஸ் கூடத்துக்குள் வந்ததும், தரையையும் முட்டுக்கட்டைகளையும் பார்த்ததும், "என்னங்க சம்பந்தி, மாடிப்படியைக் காணோம்?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. உங்களுக்குப் பக்கத்தில் அவர் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். என்னைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

ஆனால் நீங்கள் சொன்னது: "கீழ ஒரு கெணறு இருக்கு, சம்பந்தி. நான்தான் சரியா மூடல. தம்பி மூடுறான்."

"அப்ப நாங்க பந்தல்லயே சாப்பிடறோம்லா" என்றார் அவர். "அங்க காத்து நல்லா வருது."

அவ்வளவுதான். இரண்டாம் பந்தியில் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை நீங்களும் பார்த்தீர்கள்.

தம்பி மூடுகிறான் என்று சபையில் சொன்னவர் அந்தத் தம்பியை நடுவேலையில் வெளியேற்ற முடியாது. நான் போக மாட்டேன். சாவியை மாயாண்டியிடம் கொடுக்கவும் மாட்டேன். பத்திரத்தோடு ஆளை அனுப்பினால் அவருக்கும் குழியைக் காட்டி, டீ கொடுத்து, திருப்பி அனுப்புவேன். உங்களுக்கு எதிராக இப்படி எழுதுவது சரியா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். சரியில்லை என்றுதான் பல தடவை தோன்றியது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

கிணற்றைக் கல்லும் சுண்ணாம்புமாக நிரப்பியாகிவிட்டது. துப்புரவாக்கியபோது அடியில் கடப்பாரை கிடைத்தது, தகடு கிடைக்கவில்லை. முதல் தூண் இறுகிவிட்டது. திங்கட்கிழமை அடுத்த குழி தோண்டுகிறோம். புதிதாக ஒட்டிய காகிதம் இந்த மழைக்கும் கிழியவில்லை. ஆனாலும் இன்னும் நம்பக் கூடாது.

நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். எப்படியும் வருவீர்கள். சண்டை போட வருவதானால் முன்வாசல் வழியாக வாருங்கள். மேற்குப் பக்கம் தோண்டிக் கிடக்கிறது. உங்கள் முழங்காலுக்கு ஆகாது.

தம்பி,
தங்கையா