காய்ந்த மூங்கில்

டிசம்பர் 12, புதன். காணை.

தம்பி செத்ததைப் பற்றி இன்று பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. செல்வியோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். கரும்பு லோடு மேல் நின்று, தாழ்ந்த மின்கம்பியை மூங்கிலால் தூக்கிவிடும்போது போனவன் அவன். பிராட்பேண்ட் கேபிளை அந்தக் கம்பத்தில் இழுத்துக் கட்டிய பிறகுதான் கம்பமே சாய்ந்தது. எங்கள் எம்.பி. அதைத்தான் கேட்டார். கம்பம் மாநில அரசின் பொறுப்பு என்றார் அமைச்சர். கேபிள் வேலை நன்றாக நடக்கிறதாம். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

"அவரு பேரைச் சொன்னாங்களா மாமா?" என்று கேட்டாள் செல்வி. தம்பி பெண்டாட்டி.

"இல்லம்மா."

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஏழுமலை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அதே கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். கையில் பச்சை மூங்கில். தம்பி கையில் இருந்ததும் பச்சைதான். செல்வி ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"பச்சையில கரண்ட்டு ஏறும்ண்ணா. இத்த எடுத்துக்கினு போங்க" என்று எங்கள் வீட்டுக் காய்ந்த மூங்கிலைக் கொடுத்தாள்.

இப்போது மழை தூறுகிறது. காய்ந்த மூங்கிலும் நனைந்திருக்கும்; ஈரத்திலும் கரண்ட்டு ஏறும். ஏழுமலை இன்னும் திரும்பவில்லை. செல்வி தெருவிலேயே நனைந்துகொண்டு நிற்கிறாள். குடையை எடுத்துக்கொண்டு நானும் தெருவுக்குப் போகிறேன்.