பிப்ரவரியில் அறுபடப்போகும் கார் போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன செவ்வாய், ஒரு நோயாளிக்கு வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பதறாதீர்கள், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கைப்பையிலிருந்த புது டிஜிட்டல் போனில் சிக்னலே இல்லை. காரோடு வந்த பழைய அனலாக் போனின் உதவிப் பொத்தானை அழுத்தினேன். உடனே உதவி மையத்துப் பெண் ஒருத்தி பேசினாள், காரை இழுக்க டிராக்டர் அனுப்பினாள்.

அந்த அனலாக் சேவையைத்தான் பிப்ரவரியில் நிறுத்தப் போகிறார்கள். கார் விற்கும் டுவேன் சிரிக்கிறான். "இனிமே எல்லாம் டிஜிட்டல்தான் மார்லிஸ். இந்த ஓட்டை வண்டியத் தள்ளிட்டுப் புதுசு எடு."

"எங்கப்பா ஃபாக்டரில நின்னு செஞ்ச வண்டி இது. உன் டிஜிட்டல் மொதல்ல நம்ம மொன்டானாவுக்கு வந்து சேரட்டும், அப்புறம் வாயத் தெற" என்றேன்.

காரை விற்க மாட்டேன். லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் ரேடியோ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன். அதில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் அல்ல, ஆனாலும் பரவாயில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள்.

சேவையை நிறுத்தும் நாளில் எங்கும் போகாமல் வீட்டில் இருங்கள். அந்தக் கார் போனிலிருந்து கூப்பிடுவேன். பேச ஒன்றுமில்லாவிட்டால் டிவி சத்தம் கேட்டால்கூடப் போதும். நானாக வைக்க மாட்டேன். அறுப்பதானால் அவர்களே அறுக்கட்டும்.

அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
மார்லிஸ்