பூட்டாத அலமாரி

அப்பா,

புற்றுநோய் முதுகெலும்புக்கும் வந்துவிட்டதால், வலி தெரியாமலிருக்க உங்களுக்கும் மார்ஃபின் எழுதிவிட்டார் டாக்டர். வாங்கி வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்தை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். “பழகிட்டா விடமாட்டா. பல்லைக் கடிச்சுக்கட்டும்.” சாகப்போகிறவளுக்குப் பழகினால்தான் என்ன என்று டாக்டர் கேட்டும் சாவியைத் தரவில்லை. “உங்கப்பா இருக்கிறவரைக்கும் நான் கெட்டுப்போக மாட்டேன்டி” என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். அது முனகலாகத்தான் வந்தது.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் பூட்டிடுவியாம்மா?” என்று கேட்டீர்கள்.

மாட்டேன். ஒரு வேளைகூடத் தவறாமல் நானே கொடுப்பேன். வலி இருந்தால் வேறெதையும் நினைக்கவிடாது. அந்தச் சலுகையை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. நோவில்லாமல் படுத்து, தெளிந்த புத்தியோடு அவளை நினைத்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய மகள்