பச்சையில் நின்ற முள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? முன்னறையில் முணுமுணுத்தால் அடுப்படியில் கேட்கும். நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் தையல் கடையில், சாப்பாட்டு நேரத்தில், வெட்டுமேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பக்கத்தில் ஓடும் மெஷினைத் திட்டிக்கொள்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டாக்டர் கொடுத்த மூச்சு மீட்டரைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். பிளாஸ்டிக் குழாய்தான். மூச்சை நிறைய இழுத்து, ஒரே வீச்சில் பலமாக ஊத வேண்டும். மேலே இருக்கும் முள் நகர்ந்து போய் நிற்கும். பச்சையில் நின்றால் நுரையீரல் தேறுகிறது, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. தொடர்ந்து பச்சை வந்தால் மாத்திரையைக் குறைக்கலாம், அப்புறம் டிரம்பெட் வாசிப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். உன் அப்பாவின் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

முதலில் சில நாள் முள் மஞ்சளைத் தாண்டவில்லை. ஆஸ்துமா வந்து, மெஷினில் மூச்சுவிட்டுக் கிடந்து வந்த மனிதர், பயந்து பயந்துதான் ஊதினார். பிறகு ஒரு நாள் காலை மேடையில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றார், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார், ஊதினார். முள் பச்சையில் போய் நின்றது. அன்றிலிருந்து பச்சைதான். பார்க்க வந்த, பேண்டில் அவரோடு வாசிக்கும் டிரம்ஸ்காரர் தானும் ஊதிப் பார்த்தார். அவருக்கு அப்பாவைவிடக் குறைவாக வந்தது. "அண்ணி, யாரு நோயாளி? நான் போய்ப் படுத்துக்கவா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். அன்றைக்கே நம் மூளை வேலை செய்திருக்க வேண்டும். மாடிப்படி ஏறி வரும் ஆளைவிட, படியில் பாதியில் நிற்கிற ஆளுக்கு எப்படி மூச்சு அதிகமாக இருக்கும்? நான் யோசிக்கவில்லை, சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் நீ வரவேண்டாம், லீவை வீணாக்காதே என்று உனக்குச் சொன்னேன். நீயும் டிக்கெட்டை ரத்து செய்தாய். டாக்டரும் பச்சையைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார்.

உன் அப்பா உட்கார்ந்தபடியே தூங்கியதைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒரு முறை கட்டிலில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கேட்டால், "பச்சையில இருக்கேன்ல, சும்மா இரு" என்பார். நானும் முள்ளை நம்பினேன், மனிதரைப் பார்க்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூச்சு அளக்கும் அறையில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். இவர் ஊதினார், பச்சை. அவள் முள்ளைப் பார்க்காமல் இவர் கன்னத்தையே பார்த்தாள். "ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?" என்றாள். கேட்க வேண்டுமா, பேண்டில் டிரம்பெட் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது. "நாக்கால வாயை அடைச்சு, காத்தைச் சேர்த்து வச்சு, பட்டுனு விடுறீங்கய்யா. முள்ளைத் தள்ளுறது உங்க வாய்தான், நெஞ்சு இல்ல. நாக்கைக் கீழ வச்சு ஊதுங்க" என்றாள்.

ஊதினார். முள் சிவப்பைத் தாண்டவில்லை, மகளே.

"மீட்டர் கெட்டுப்போச்சும்மா, வேற குடுங்க" என்றார். வேறு கொடுத்தாள். அதிலும் சிவப்புதான். மறுபடி மறுபடி ஊதினார். போதும் என்று அவள் இவர் கையைப் பிடித்துக் குழாயை வாங்கிக்கொண்டாள். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை. வாயில் எந்தக் குழாயை வைத்தாலும் அந்த நாக்கு தானாகவே அப்படித்தான் போகும். அவருக்கு வேறு மாதிரி ஊதவே தெரியாது. அந்த வித்தையை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தார்.

அங்கேயே முகமூடி மாட்டி மருந்தை ஆவியாக இழுக்க வைத்து, மாலை வரை படுக்கவைத்து அனுப்பினார்கள். மாத்திரை பழையபடி கூடிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சரியான அளவு தெரிந்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருக்க மாட்டாராம். நுரையீரலில் இனி விரியாத இடங்கள் இருக்கிறதாம். இன்னொரு முறை அப்படி மூச்சுத்திணறல் வந்தால் தாங்குவது கஷ்டம் என்றார். டிரம்பெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. டாக்டரே கூடாது என்று தலையை ஆட்டினார்.

டிரம்பெட்டை டிரம்ஸ்காரர் வந்து எடுத்துப் போனார். அப்பாதான் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம், "பெட்டிக்குள்ள எண்ணெய் பாட்டில் இருக்குன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றார். அதையே அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குழாயடிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

இப்போது மீட்டரை ஊதும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். சிவப்பிலிருந்து மஞ்சளின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் முள் எங்கே நின்றது என்று என்னிடம் சொல்வதில்லை, குழாயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது அப்பா பச்சையில்தான் இருக்கிறார் என்றேன் இல்லையா? அது பொய். போன் அடித்ததுமே, "பாப்பாகிட்ட பச்சைன்னு சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ பேசி முடிக்கும் வரை விடவில்லை.

நீ வேலை பார்க்கும் கிடங்கில் இது கெடுபிடியான மாதம் என்று தெரியும். ஒரு முறை கொடுத்த லீவை நீயே வேண்டாம் என்று சொன்ன பிறகு மறுபடி போய் நிற்பது உனக்கு எவ்வளவு சங்கடம் என்றும் தெரியும். நான்தான் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அதே வாயால்தான் இப்போது கேட்கிறேன். லீவு கேட்டுப் பார், மகளே. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே.

வந்தால் அம்மா எழுதினாள் என்று சொல்லாதே. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல். அவர் உன்னைத் திட்டுவார், வாங்கிக்கொள். ஒன்று மட்டும் செய்யாதே, அவரை ஊதிக் காட்டச் சொல்லாதே. உன் எதிரில் அவர் நாக்கை வைத்துத்தான் ஊதுவார். பச்சையைக் காட்டிவிட்டுச் சிரிப்பார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பக்கத்தில் நிற்க முடியாது.

நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா